அப்பாவுக்கு முதலில் குடிக்கு வைத்தியமா, மனசுக்கு வைத்தியமா?

மூத்தமகள்

இந்தக் குழுவை ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எழுதுவது இப்போதுதான்.

அப்பா 22 வருடம் ராணுவத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று 9 வருடம் ஆகிறது. பணியில் இருந்தபோதும் குடிப்பார். ஆனால் மறுநாள் காலை 5 மணிக்கு எழுந்து ஓடவேண்டுமே, அதனால் ஒரு வரம்பு இருந்தது. இப்போது ஓட்டமும் இல்லை, வரம்பும் இல்லை. மாலை 6 மணிக்குத் தொடங்கினால் தூங்கும்வரை. தூக்கம் என்று அதைச் சொல்வதும் சரியில்லை. நள்ளிரவில் எழுந்து ஒவ்வொரு தாழ்ப்பாளாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். இரண்டு தடவை தூக்கத்திலேயே அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிவிட்டார். விழித்துக்கொண்டதும் அழுதாராம். அப்பா அழுது நான் பார்த்ததில்லை, அம்மா சொல்லித்தான் தெரியும்.

போன வருடம் ஒரு மறுவாழ்வு மையத்தில் 30 நாள் சேர்த்தோம். வீடு திரும்பிய 11வது நாள் மறுபடி பாட்டில். அங்கே இருந்தபோது கனவுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "முதலில் குடியை விடுங்க, மற்றதை அப்புறம் பார்க்கலாம்" என்றார்களாம். சரி என்று ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனால், "6 மாதம் குடிக்காமல் இருந்துவிட்டு வரட்டும்" என்றார். இரண்டு இடத்துக்காரர்களும் சேர்ந்து அப்பாவைப் பந்தாடிவிட்டார்கள்.

முன்னாள் ராணுவத்தினருக்கென்றே தனியாகச் சிகிச்சை முறைகள் இருக்கின்றனவாமே, அவை உண்மையிலேயே வேறு மாதிரியா? இல்லை, பெயர்ப்பலகை மட்டும்தான் வேறா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நேர்க்கோடு

கசப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கொத்தனார் குடித்தாலும் சிப்பாய் குடித்தாலும் கல்லீரலுக்கு ஒன்றுதான். "தனிச் சிகிச்சை" என்பதில் பாதி விளம்பரம்.

வியட்நாம் போர்க் கதை தெரியுமா? 1971 செப்டம்பரில் நாடு திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் பின்தொடர்ந்து பார்த்தார். அங்கே இருந்தபோது ஹெராயின், அபின் வகைகளுக்கு அடிமையாகிவிட்டதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். வீடு திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம்தான். பெரும்பாலோர் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை. மனிதன் நினைத்தால் விடமுடியும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பழைய சிப்பாய்

நேர்க்கோடு தம்பி, நீங்கள் சொன்ன ஆய்வு உண்மை. அதிலிருந்து எடுத்த பாடம்தான் தவறு. அவர்கள் மன உறுதியால் மட்டும் விடவில்லை. இடம் மாறியது, கூட்டாளி மாறினான், பொருள் கையெட்டும் தூரத்தில் இல்லை, வீட்டில் வேறு வாழ்க்கை காத்திருந்தது. விட்டுப்போனது. எங்களில் பலருக்குக் கதை தலைகீழ். யூனிட்டில் இருந்தவரைக்கும் மணி அடித்தால் எழவேண்டும், பக்கத்துக் கட்டிலில் ஒருவன் இருப்பான். ஓய்வு பெற்ற மறுநாள் மணியும் இல்லை, பக்கத்துக் கட்டிலும் இல்லை. குடி அங்கே முடியவில்லை, இங்கே வந்துதான் வளர்ந்தது. அப்புறம், சாராயம் எந்தத் தெருவில் கிடைக்காது?

மகளே, உன் கேள்விக்கு என் கதையையே பதிலாகச் சொல்கிறேன். நான் 17 வருடம் பணியில் இருந்தேன், அதில் பாதி சோதனைச் சாவடியில். வந்த பிறகு 12 வருடம் குடித்தேன். முதலில் போன மையத்தில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசவேண்டும். ரோட்டோரம் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தால் என்னால் அதைத் தாண்டி வண்டி ஓட்ட முடியாது என்று சொன்னேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நடத்திய பையன் ஆர்வமாக, "சார், நீங்க யாரையாவது சுட்டிருக்கீங்களா?" என்று கேட்டான். அன்றைக்கு மூடிய வாயை அங்கிருந்து வெளியே வரும்வரை திறக்கவில்லை.

இரண்டாவது இடம் எங்களைப் போன்றவர்களுக்கு மட்டுமான குழு. 8 பேர். முதல் நாள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் தன் நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டார், முதுகுக்குப் பின்னால் கதவு இருக்கக்கூடாது அவருக்கு. அடுத்தவரும் இழுத்தார். கடைசியில் 8 பேரும் சுவரோரம், நடுவில் மைதானம் மாதிரி காலி இடம். ஆலோசகர் ஏன் என்று கேட்கவே இல்லை. தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்து சுவரோரம் உட்கார்ந்தார். தனிச் சிகிச்சை என்றால் என்ன என்று கேட்டால் எனக்கு அந்த நாற்காலிதான் ஞாபகம் வருகிறது.

இரவுப்பணி

போதை சிகிச்சை வார்டில் செவிலியராக இருக்கிறேன். நாற்காலிக் கதையைப் படித்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மூத்தமகள், எந்த மையம் என்று பேசுமுன் ஒரு எச்சரிக்கை. அப்பாவைத் திடீரென்று குடியை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் கடைசி மடக்குக்கு 6 மணி நேரத்திலேயே கை நடுங்கத் தொடங்கலாம். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள். அப்புறம் இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் சிலருக்குக் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல், படபடப்பு எல்லாம் சேர்ந்து வரும். பெரியவர்கள் சன்னி என்பார்கள், மருத்துவத்தில் டெலிரியம் ட்ரெமன்ஸ். அது உயிரை எடுக்கும். அதிலும் ராணுவத்தில் இருந்தவருக்கு அந்த நேரத்தில் தெரிவது பூச்சியும் பாம்புமாக மட்டும் இருக்கவேண்டும் என்பதில்லை, பழைய எதிரியாகவும் இருக்கலாம். மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்தவேண்டும். கூடவே தயமின் என்கிற வைட்டமின் பி1 கொடுப்பார்கள். அதைச் சாதாரணச் சத்து ஊசி என்று நினைத்துவிடாதீர்கள், நீண்ட நாள் குடித்தவரின் மூளையைக் காப்பாற்றுவது அது.

இப்போது உங்கள் தலைப்புக்கு வருகிறேன். "முதலில் குடி, அப்புறம் மனசு" என்பது பழைய பாடம். பயந்துதான் அப்படிச் செய்தார்கள். பழைய நினைவைக் கிளறினால் இன்னும் குடிப்பார் என்ற பயம். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே குழு பார்க்கும் முறைகள் வந்துவிட்டன. கோப் என்று ஒன்று: 12 அமர்வு, ஒவ்வொன்றும் 90 நிமிடம், பாதி போதைக்கு, பாதி அதிர்ச்சி நினைவுக்கு. ஆஸ்திரேலியாவில் அதைச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மன உளைச்சல் குறைந்தது, பயந்த மாதிரி போதை கூடவில்லை. லிசா நஜாவிட்ஸ் உருவாக்கிய சீக்கிங் சேஃப்டி இன்னொன்று. அதில் நடந்ததை விவரமாகச் சொல்லவே வேண்டாம், இன்றைய நாளை எப்படிப் பத்திரமாகக் கடப்பது என்பதுதான் பாடம். வாய் திறக்காதவர்களுக்கு நல்ல வாசல்.

ஏன் சேர்த்தே பார்க்கவேண்டும் என்றால், இரண்டும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கின்றன. உங்கள் அப்பா கனவுக்குப் பயந்து குடிக்கிறார். சாராயம் முன்னிரவில் கனவு வரும் தூக்கத்தை அமுக்கி வைக்கும். போதை இறங்கும் பின்னிரவில் அது வட்டியோடு திரும்பி வரும். தாழ்ப்பாள் பார்க்க அவர் எழுவது எத்தனை மணிக்கு என்று கவனியுங்கள். முழுதாக நிறுத்திய முதல் வாரங்களில் கனவு இன்னும் மோசமாகும். 30 நாள் மையத்தில் அதை யாரும் கவனிக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் 11வது நாள் என்ன ஆகும்? ஆனதுதான் ஆகும்.

கடைசிபெஞ்ச்

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். பழைய காலத்தில் போருக்குப் போனவர்கள் இப்படியெல்லாம் சொன்னதில்லையே? இந்த வியாதியே புதிதாகக் கண்டுபிடித்ததா?

இரவுப்பணி

பெயர்தான் புதிது. முதல் உலகப்போரில் குண்டு விழுந்த பக்கம் இருந்தவர்கள் நடுங்கினார்கள், பேச்சிழந்தார்கள். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் ஒரு மருத்துவ இதழில் அதை "ஷெல் ஷாக்" என்று எழுதினார். கோழைத்தனம் என்று தண்டித்ததும் உண்டு. பிரிட்டனில் இப்படித் திரும்பியவர்களுக்காக 1919இலேயே தொடங்கிய அமைப்பு காம்பாட் ஸ்ட்ரெஸ் என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. வியட்நாமிலிருந்து வந்தவர்களும் அவர்களுக்காகப் பேசிய மருத்துவர்களும் விடாமல் கேட்ட பிறகுதான் 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு விடாமல் துரத்தும் மன உளைச்சல், ஒரு நோயாக ஏறியது. நம் தாத்தாக்கள் சொல்லவில்லை என்பதால் அவர்களுக்கு இல்லை என்று ஆகிவிடாது. "போருக்குப் போய்ட்டு வந்ததிலிருந்து ஆளே மாறிட்டார்" என்ற பேச்சை யாரும் கேட்டதே இல்லையா?

மூத்தமகள்

அக்கா, மணியைப் பார்த்தேன். நேற்று 2.40, இன்று 3.10.

இன்னொன்று சொல்லவேண்டும். அம்மாவின் தோழி ஒருவர் ஒரு பொடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுத்தால் குடிமேல் வெறுப்பு வந்துவிடுமாம். அம்மா நாளை முதல் தொடங்கலாம் என்கிறார்.

இரவுப்பணி

வேண்டாம். இப்போதே அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இப்படித் தெரியாமல் கலக்கச் சொல்லிக் கொடுப்பவற்றில் டைசல்ஃபிராம் இருக்க வாய்ப்பு உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் தடுமாறும். மருந்து கெட்டதல்ல. "இதை எடுத்தால் குடிக்க முடியாது" என்று தெரிந்து, தானே சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுப்பவருக்கு அது ஒரு வேலி. தெரியாதவருக்கு விஷம். இன்னொரு விஷயமும் யோசியுங்கள். எந்நேரமும் யாரோ தன்னைத் தாக்கப்போகிறார்கள் என்றிருக்கும் மனிதருக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டிலேயே எதையோ கலந்தார்கள் என்று தெரிந்தால்? அப்புறம் எந்த வைத்தியமும் ஏறாது.

குடிக்கும் ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் உண்டு. அவரோடு பேசித் தரவேண்டியவை. அப்பா மூட்டுவலி, முதுகுவலிக்கு மாத்திரை எடுக்கிறாரா? அதில் டிரமடால் மாதிரி அபின் வகை இருந்தால் நால்ட்ரெக்ஸோன் கொடுக்கவே கூடாது. முதல் நாளே மருத்துவரிடம் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள். பட்டாளத்துக்காரர்களில் பலருக்கு முதுகும் முழங்காலும் முன்பே போயிருக்கும். வலி மாத்திரைதான் இரண்டாவது பாட்டில்.

வாசல்விளக்கு

நான் மனைவி தரப்பு. என் வீட்டுக்காரர் குடியை விட்டு 4 வருடம் ஆகிறது, நடுவில் மூன்று சறுக்கலோடு.

தங்கச்சி, யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? உரிமம் உள்ளதாகவே இருக்கட்டும். குடி, தூக்கமின்மை, குற்ற உணர்ச்சி, இவற்றோடு ஆயுதம் பழகிய கை. இவை ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. இஸ்ரேல் ராணுவத்தில் 2006இல் ஒரு விதி மாற்றினார்கள்: வார இறுதியில் வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும். தற்கொலைகள் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தன. யார் மனதையும் மாற்றவில்லை, துப்பாக்கியை மட்டும் தள்ளி வைத்தார்கள். நான் என்ன செய்தேன் என்றால், அவர் தெளிவாக இருந்த ஒரு காலையில் நேராகவே கேட்டேன். "இதை உங்க தம்பி வீட்டில் கொஞ்ச நாள் வைக்கலாமா?" என்று. ஒளித்து வைக்கவில்லை. அவரே பூட்டிக் கொடுத்தார். சாகவேண்டும் என்று அப்பா எப்போதாவது சொன்னால் "குடிச்சிட்டு உளறுறார்" என்று விட்டுவிடாதே, அன்றைக்கே அவசரப் பிரிவு.

அம்மாவைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை. குடும்பத்துக்கென்றே ஒரு பயிற்சி இருக்கிறது, கிராஃப்ட் என்பார்கள். கெஞ்சுவது, மிரட்டுவது, பாட்டிலைக் கொட்டுவது எல்லாம் அதில் கிடையாது. குடிக்காத நேரத்தில் அவரோடு உட்கார்ந்து பேசு, குடித்த நேரத்தில் சண்டையும் போடாதே, சேவையும் செய்யாதே, எழுந்து போய்விடு. அவர் தானாக வருத்தப்படும் ஒரு நொடி வரும், அப்போது கேட்பதற்கு மருத்துவரின் நேரத்தைக் கையில் தயாராக வைத்திரு. எனக்கு அந்த நொடி வர 7 மாதம் ஆனது. சோதனைகளில் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்களில் அடம்பிடித்தவர் சிகிச்சைக்குச் சம்மதித்திருக்கிறார் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொன்னார். அதுவரை இரவில் அம்மா வேறு அறையில் படுக்கட்டும். பாசம் குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. கனவிலிருந்து எழுப்பவேண்டும் என்றால் தொடாதீர்கள், வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

நேர்க்கோடு

சரி, கொத்தனார் உதாரணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. "ராணுவத்தினர் சிகிச்சை" என்று பலகை வைத்திருக்கும் இடத்தில் உள்ளே இருப்பது உண்மையிலேயே அதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கொடிப் படம் மாட்டிக் காலையில் அணிவகுப்பு நடத்தினால் போதுமா?

இரவுப்பணி

இது நல்ல கேள்வி. அணிவகுப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான் என் அண்ணனைச் சேர்ப்பதாக இருந்தால் போனிலேயே கேட்பேன்: பிடிஎஸ்டிக்கு என்ன சிகிச்சை தருகிறீர்கள், எத்தனை அமர்வு, நடத்துபவர் அதில் பயிற்சி பெற்றவரா? "யோகா, தியானம், கவுன்சலிங்" என்று பொதுவாகச் சொன்னால் போனை வைத்துவிடுவேன். (யோகாவுக்கு நான் எதிரி இல்லை. துணைக்கு நல்லது.) அதிர்ச்சி நினைவைப் படிப்படியாக எதிர்கொள்ளும் முறை பொதுவாக 8 முதல் 15 அமர்வு, நடந்ததைப் பற்றிய எண்ணங்களைச் சீர்தூக்கும் சிபிடி ஏறக்குறைய 12 அமர்வு, இல்லையென்றால் கண்ணை இடமும் வலமும் அசைத்தபடி நினைவைக் கையாளும் இஎம்டிஆர். இவற்றில் ஒரு பெயராவது அவர்கள் வாயிலிருந்து வரவேண்டும்.

இரவில் மருத்துவர் இருப்பாரா என்று கேட்பேன். குடி நிறுத்த வலிப்பு அலுவலக நேரம் பார்த்து வராது. தலையில் அடிபட்டதா, குண்டு வெடித்த பக்கத்தில் இருந்தாரா என்று சேரும் நாளிலேயே கேட்கிறார்களா என்பதையும் கவனிப்பேன். மூளை அதிர்ந்தவருக்கு மறதி, எரிச்சல், தடுமாற்றம் எல்லாம் குடிக்காதபோதும் இருக்கும். அதைத் தெரியாதவர்கள் "ஒத்துழைக்கவில்லை" என்று குறிப்பெழுதி வெளியே அனுப்பிவிடுவார்கள். காது மந்தமும் அப்படித்தான். அடித்தால், கட்டிவைத்தால், குடும்பத்தைப் பார்க்கவே விடாவிட்டால், அது சிகிச்சை இல்லை.

ஒரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், நிறைய வீட்டில் இதில் மாட்டுகிறார்கள். டயசெபாம், லோரசெபாம் வகை மாத்திரைகள் குடி நிறுத்தும் முதல் சில நாட்களுக்கு உயிர் காக்கும். அதே மாத்திரையை "தூக்கத்துக்கு" என்று மாதக்கணக்கில் எழுதித் தந்தால் எச்சரிக்கையாகுங்கள். பிடிஎஸ்டிக்கு அது மருந்தே இல்லை, புது அடிமைத்தனம், குடியோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கும். கனவுக்குப் பிராசோசின் என்று ஒன்று கொடுப்பார்கள். அமெரிக்க முன்னாள் வீரர்கள் 304 பேரிடம் செய்து 2018இல் வெளிவந்த பெரிய சோதனையில் வெற்று மாத்திரையைவிட அது மேல் என்று வரவில்லை. என் வார்டில் சிலருக்குக் கேட்டிருக்கிறது. மருத்துவர் முயன்று பார்க்கலாம் என்றால் முயலுங்கள், அதையே நம்பி உட்காராதீர்கள்.

பழைய சிப்பாய்

ஒன்று விட்டுப்போயிற்று. எல்லாமே பயம் அல்ல. எனக்குக் குண்டு வெடித்த கனவு வந்ததே இல்லை. வந்ததெல்லாம் ஒரு வண்டி. நிறுத்தச் சொல்லிக் கை காட்டினேன், நிற்கவில்லை. அதற்குமேல் இங்கே எழுதமாட்டேன். அது பயம் இல்லை, வேறு. தார்மீகக் காயம் என்று அதற்குப் பெயர் உண்டாம். தான் செய்தது அல்லது தடுக்காமல் விட்டது தன் மனசாட்சிக்கே ஒவ்வாதபோது வருவது. "உங்கள்மேல் தப்பில்லை சார்" என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அங்கே இல்லாதவன் எப்படித் தீர்ப்புச் சொல்வான்? அந்த 8 பேர் குழுவில் ஒருவர், "தப்பு இருக்கலாம். அதோட நீ என்ன செய்யப்போற?" என்று கேட்டார். அதற்குப் பதில் தேட ஆரம்பித்த பிறகுதான் குடி குறைந்தது. மகளே, அப்பாவுக்கு நீ சமாதானம் சொல்லாதே. கேள், போதும். சொல்லாவிட்டால் அதுவும் போதும்.

மூத்தமகள் (5 வாரம் கழித்து)

எல்லோருக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், நடந்ததைச் சொல்கிறேன்.

பொடி குப்பைக்குப் போனது. வீட்டில் துப்பாக்கி இல்லை, கேட்டுவிட்டேன். அப்பாவிடம் "குடியை விடுங்க" என்று சொல்லாமல், குடிப்பழக்கத்தை அளக்கும் ஆடிட் என்ற 10 கேள்வித் தாளை அச்செடுத்து மேசையில் வைத்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் தாள் என்று சொன்னேன், படிவம் என்றால் அப்பாவுக்கு ஒரு மரியாதை. காலையில் பார்த்தால் எல்லாவற்றையும் நிரப்பி, தானே கூட்டி 40க்கு 27 என்று போட்டு, கீழே கையெழுத்தும் தேதியும் இட்டிருந்தார். "20க்கு மேல் என்றால் என்ன?" என்றார். அடிமையாகி இருக்கலாம் என்று அர்த்தம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எப்போ போகணும்?" என்றார். வாசல்விளக்கு அக்கா சொன்ன அந்த நொடி இதுதான் என்று நினைக்கிறேன். மருத்துவரின் நேரம் கையில் தயாராக இருந்தது.

மருத்துவமனையில் 8 நாள். மூன்றாம் நாள் இரவு மோசம், அதைப் பற்றி எழுத இன்னும் மனம் வரவில்லை. அங்கேயே மனநலப் பிரிவும் இருந்ததால் இந்தத் தடவை யாரும் "அப்புறம்" என்று சொல்லவில்லை. ராணுவத்தினருக்கென்று தனி மையம் கிடைக்கவில்லை. ஆனால் ஆலோசகர் இதற்குமுன் முன்னாள் ராணுவத்தினரைப் பார்த்திருக்கிறார், வாரம் ஒருமுறை அவர்களுக்குத் தனிக் குழுவும் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்த 10வது நாள் ஒருமுறை குடித்தார். மறுநாள் குழுவில் தானே சொல்லியிருக்கிறார். துரத்தவில்லை, எந்த நேரத்தில், எந்த யோசனையில் கை போனது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்களாம்.

செவ்வாய்க்கிழமை முதல் நினைவை எதிர்கொள்ளும் அமர்வு தொடங்குகிறது. பேசுவதைப் பதிவுசெய்து தருவார்களாம், தினமும் வீட்டில் போட்டுக் கேட்கவேண்டுமாம். பழைய சிப்பாய் ஐயா, அப்பா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். அதைக் கேட்கும்போது வீட்டில் யாராவது பக்கத்தில் இருக்கலாமா, இல்லை தனியாகத்தான் கேட்கவேண்டுமா?

பழைய சிப்பாய்

அப்பாவிடம் சொல், நான் மொட்டைமாடியில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். முதல் வாரம் முழுக்க மனைவி படிக்கட்டில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதிவு அவளுக்குக் கேட்காது. ஒன்றும் பேசவுமில்லை. இரண்டாவது வாரம் நானே அவளைக் கீழே போகச் சொல்லிவிட்டேன்.